ஸ்பைரல் ஸ்க்ராட்ச்: 1977 காப்பிக்கு காசைக் கொட்டாதீங்க, 1979 போதும்

பிரிட்டிஷ் பங்க் ராக் சிங்கிள்ஸ், அதாவது சின்ன வினைல் தட்டு, சேக்க ஆரம்பிச்ச யாரும் கொஞ்ச நாள்லயே வந்து முட்டி நிக்கிற இடம் ஒண்ணு இருக்கு, மான்செஸ்டர் பேண்ட் பஸ்காக்ஸோட ஸ்பைரல் ஸ்க்ராட்ச். நாலு பாட்டு, மொத்தமே பத்து நிமிஷம், ஏழு இன்ச் தட்டு, கறுப்பு வெள்ளை ஸ்லீவ் (தட்டோட அட்டை உறை), அவ்ளோதான். இதுல பொதுவா கைக்கு வர்றது மூணு: 1977 ஒரிஜினல், 1979 ரீ-இஷ்யூ, 2017ல டாமினோ லேபிள் போட்டது. பின்னாடி ரெண்டும் என்கிட்ட இருக்கு. 1977 ஃப்ரெண்ட் ஒருத்தரோடது, அதை ஒரு ராத்திரி கூட என் வீட்ல விட்டுட்டுப் போக மாட்டேன்னுட்டார், கூடவே உக்காந்து கேட்டு முடிச்சதும் கையோட எடுத்துட்டுப் போயிட்டார். அவர் மேல தப்பே இல்ல, நானா இருந்தாலும் அப்படித்தான் பண்ணியிருப்பேன். மூணையும் ஒரே ப்ளேயர்ல ஒரே ஊசியில மாத்தி மாத்தி போட்டுக் கேட்டாச்சு, அதனால நேராவே சொல்லிடறேன், 1979 காப்பி வாங்குங்க. மிச்சமாகற காசை என்ன பண்றதுன்னு கீழ வருது, இந்த ரிவ்யூ எழுதுறதே முக்கியமா அதுக்குத்தான்.

இந்தத் தட்டுக்கு ஏன் இவ்ளோ மவுசுன்னு தெரியாதவங்களுக்கு கொஞ்சம் பழைய கதை. 1976 டிசம்பர் 28, கிறிஸ்மஸ் முடிஞ்சு மூணாவது நாள், மான்செஸ்டர்ல இண்டிகோன்னு ஒரு ஸ்டுடியோ, மூணு மணி நேரம் ரெக்கார்டிங், ரெண்டு மணி நேரம் மிக்ஸிங், முடிஞ்சுது. ப்ரொட்யூசர் மார்ட்டின் ஹானட், ஸ்லீவ்ல மார்ட்டின் ஸீரோன்னு போட்டிருக்கும், பின்னாடி ஜாய் டிவிஷன் பேண்டோட ஆல்பம் பண்ணாரே அதே ஆள்தான். வீட்லயும் தெரிஞ்சவங்க கிட்டயும் 500 பவுண்ட் கடன் வாங்கி, நியூ ஹார்மோன்ஸ்னு சொந்தமா ஒரு லேபிள் வச்சு, ஓ.ஆர்.ஜி 1ன்னு நம்பர் குடுத்து, 1977 ஜனவரி 29ல ஆயிரம் காப்பி இறக்கினாங்க. அதுக்கு முன்னாடி வந்த பிரிட்டிஷ் பங்க் சிங்கிள்ஸ் எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு கம்பெனி இருந்துச்சு, டேம்ன்ட் பேண்டோட நியூ ரோஸ் 1976 அக்டோபர்ல ஸ்டிஃப் ரெக்கார்ட்ஸ்ல, செக்ஸ் பிஸ்டல்ஸ் அடுத்த மாசம் இ.எம்.ஐ-ல. இவங்க யார் வாசல்லயும் போய் நிக்கல, ஊர்லயே ரெக்கார்ட் பண்ணி தாங்களே வித்தாங்க. ஆயிரம் போனதும் இன்னும் அடிச்சு, அதுவும் போயி, மொத்தம் 16,000 வரைக்கும் வித்துச்சு. இது வெளிய வந்த சூட்டோட பாடகர் ஹோவர்ட் டெவோட்டோ பேண்டை விட்டே போயிட்டார், கிட்டார்ல இருந்த பீட் ஷெல்லி மைக்கைப் பிடிச்சார், பேஸ் வாசிச்ச ஸ்டீவ் டிகிள் கிட்டாருக்கு மாறினார். அதனால டெவோட்டோ பாடி அந்தக் காலத்துல முறையா வெளிவந்த பஸ்காக்ஸ் தட்டு இது ஒண்ணுதான். சேக்குறவங்க இதுக்குப் பின்னாடி ஓடுறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்லீவைப் பத்தி தனியா சொல்லியே ஆகணும். முன்பக்கம் இருக்குற ஃபோட்டோ மேனேஜர் ரிச்சர்ட் பூன் எடுத்த ஒரு போலராய்டு, மான்செஸ்டர் பிக்கடில்லி கார்டன்ஸ்ல ராபர்ட் பீல் சிலை பீடத்துல நாலு பேரும் இருக்காங்க. அந்தச் சிலை இன்னும் அங்கயேதான் நிக்குது, பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல, புறா எச்சத்தோட. பின்பக்கத்தைத் திருப்பினா ஒவ்வொரு பாட்டுக்கும் எத்தனாவது டேக், மேல என்ன டப் பண்ணாங்கன்னு (அப்புறமா சேத்து வாசிச்சது) அச்சடிச்சிருக்கும்: ப்ரேக்டவுன் மூணாவது டேக், டப் இல்ல, மத்த மூணும் முதல் டேக், மேல கிட்டார் டப். படிக்கிறவனுக்கு அது சொல்ற விஷயம் ஒண்ணுதான், தம்பி இவ்ளோ சுலபம் இது, நீயும் பண்ணலாம். பெரிய ஸ்டுடியோ ரகசியம் எதுவும் கிடையாதுன்னு கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுற மாதிரி. அதைப் பாத்துட்டு இங்கிலாந்து பூரா பசங்க சொந்தமா தட்டு போட ஆரம்பிச்சாங்க.

சரி, சவுண்டு. மூணுலயும் ஒரே ரெக்கார்டிங்தான், மாயம் மந்திரம் எதுவும் எதிர்பாக்காதீங்க. கிட்டார் மெலிசா, தகரத்துல அடிக்கிற மாதிரி இருக்கும், ஜான் மாஹரோட ட்ரம்ஸ் வறண்டு போய் முகத்துக்கு நேரா வரும், பேஸ் கொஞ்சம் பின்னாடியே நிக்கும். ரெண்டாவது பக்கம் முதல் பாட்டு போர்டம்ல ஷெல்லி வாசிக்கிற சோலோ மொத்தமே ரெண்டே ரெண்டு நோட்டு, திருப்பித் திருப்பி 66 தடவை, அதைக் கேட்டு சிரிப்பு வரலைன்னா இந்தத் தட்டு உங்களுக்கு இல்ல, காசை மிச்சம் பண்ணிக்கலாம். ஃப்ரெண்டோட 1977 காப்பில அந்த இடத்துல கிட்டாரோட நுனி கொஞ்சம் கூர்மையா கேட்ட மாதிரி இருந்துச்சு, ஆனா அது ப்ரெஸ்ஸிங்கா (தட்டை அச்சடிச்ச விதம்), அவர் 40 வருஷமா தட்டைப் பொத்திப் பொத்தி வச்சிருந்ததாலயா, இல்ல பக்கத்துல அவர் முகத்தைப் பாத்துட்டே கேட்டதாலயான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. 1979ல அதே பாட்டு அதே வேகத்துல அதே சத்தத்துல வருது. கண்ணை மூடிட்டு எதுன்னு சொல்லுன்னு கேட்டா நான் தோத்துடுவேன், அவரும் தோத்துடுவார், ஆனா அவர் ஒத்துக்க மாட்டார்.

1977 காப்பில இருக்குற வம்பு என்னன்னா, விக்கிறவங்க பாதிப் பேர் 1977 ஸ்லீவ் இருந்தாலே முதல் ஆயிரத்துல ஒண்ணுன்னு பேசுறாங்க. 16,000 அடிச்சதுல முதல் ஆயிரம் போக மிச்சமெல்லாம் எங்க போச்சு? ஸ்லீவை மட்டும் வச்சு அதைத் தீர்மானிக்கவே முடியாது, தட்டுல லேபிளைச் சுத்தி பாட்டு இல்லாத வழுவழு இடத்துல கீறியிருக்குற மேட்ரிக்ஸ் எழுத்தை நல்லா வெளிச்சத்துல சாச்சுப் பாத்து டிஸ்காக்ஸ்ங்கிற ரெக்கார்ட் சைட்ல இருக்குற பதிவுகளோட ஒப்பிட்டுத்தான் பேசணும். விக்கிறவர் அந்த இடத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பத் தயங்கினா அங்கயே விட்டுடுங்க. இதே வியாதி பிஸ்டல்ஸோட காட் சேவ் த குயீன் சிங்கிளோட ஏ அண்ட் எம் கம்பெனி காப்பிக்கு இன்னும் முத்தின நிலைமையில இருக்கு, 1977 மார்ச்ல கம்பெனி ஒரே வாரத்துல பேண்டைத் தூக்கிட்டு அடிச்ச தட்டையெல்லாம் அழிச்சிடுச்சு, தப்பிச்சது கொஞ்சம், போலி வந்தது நிறைய. அந்தப் பக்கம் தலை வச்சுக் கூட படுக்காதீங்க.

1979 காப்பியைக் கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம், முன்பக்கமே பேண்ட் பேரோட டெவோட்டோ பேரையும் சேத்துப் போட்டிருக்கும், ஏன்னா அதுக்குள்ள அவர் மேகஸீன் பேண்ட் வச்சு பேர் எடுத்துட்டார், பஸ்காக்ஸும் விற்பனை சார்ட்ல ஏறிட்டாங்க. மறுபடி விட்டதும் இது யு.கே சார்ட்ல 31 வரைக்கும் போச்சு. அந்த அளவுக்கு வித்ததால இன்னைக்கும் தாராளமா கிடைக்குது, ஒரிஜினல் விலையில ஒரு சின்னப் பங்குதான். அதே லேபிள், அதே பேண்ட் உயிரோட இருந்த காலம், 45 வருஷத்துக்கு மேல வயசான தட்டு, பழைய அட்டை வாசனையும் இருக்கும், இதுக்கு மேல என்னங்க வேணும்.

2017 டாமினோ நாப்பதாவது வருஷத்துக்காக விட்டது. சத்தம் சுத்தமா இருக்கு, தட்டு சமமா இருக்கு, அட்டை புதுசு. பாட்டு மட்டும் போதும், பழசு நோண்டுற பொறுமை இல்லைன்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம், குறைன்னு சொல்ல எதுவும் இல்ல. எனக்கு மட்டும் அந்த போலராய்டு ஃபோட்டோ பழைய அச்சுல இருக்குற மாதிரி கரகரப்பா இல்லைன்னு ஒரு சின்ன வருத்தம், அது வியாதி, மருந்து கிடையாது.

இப்ப மிச்சக் காசு. 1977 ஆகஸ்ட் 16, எல்விஸ் செத்த அதே நாள்ல, பஸ்காக்ஸ் யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் கம்பெனியோட கையெழுத்துப் போட்டாங்க, அதுவும் எலக்ட்ரிக் சர்க்கஸ் க்ளப்போட பார்ல வச்சு. அதுல இருந்து 1979 ஜூலைக்குள்ள எட்டு சிங்கிள் விட்டாங்க. என் கணக்குல பிரிட்டிஷ் பங்க்கும் பவர் பாப்பும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுற இடம் இந்த எட்டுதான், வேகம் பங்க், மெட்டு பாப், வரிகள் எல்லாம் காதல்ல அடி வாங்கினவன் புலம்பல். எவர் ஃபாலன் இன் லவ் 12 வரைக்கும் ஏறுச்சு, ப்ராமிசஸ் 20. எடின்பரோல ஒரு விடுதியில டிவில ஓடின கைஸ் அண்ட் டால்ஸ் படத்துல ஒரு வசனம் காதுல விழுந்து, மறுநாள் போஸ்ட் ஆபீஸ் வாசல்ல வேன்ல உக்காந்து ஷெல்லி எவர் ஃபாலன் வரிகளை எழுதினார்னு அவரே சொல்லியிருக்கார். இதெல்லாம் அப்பவே நிறைய வித்த தட்டு, அதனால இன்னைக்கும் ஒவ்வொண்ணும் லண்டன் பப்ல ரெண்டு பைன்ட் பீருக்கு ஆகற காசைச் சுத்தித்தான் வரும், நல்ல நிலைமைல. ஒரே ஒரு 1977 ஸ்பைரல் ஸ்க்ராட்ச் விலைல 1979ம் வாங்கி இந்த எட்டுல பாதிக்கு மேல தூக்கிடலாம், அதிர்ஷ்டம் இருந்தா எட்டுமே.

சிங்கிள்ஸ் கோயிங் ஸ்டெடி எல்பி (பெரிய தட்டு) ஒண்ணு வாங்கினா எட்டும் அதுலயே இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, நானும் அதுலதான் ஆரம்பிச்சேன், முதல் பக்கம் எட்டு ஏ-சைடு (சிங்கிளோட முக்கியப் பாட்டு), ரெண்டாவது பக்கம் அதே வரிசைல எட்டு பி-சைடு (பின்பக்கப் பாட்டு), இவ்ளோ நேர்மையா ஒரு தொகுப்பு நான் பாத்ததில்ல. 1979 செப்டம்பர்ல அமெரிக்கக்காரனுக்கு பேண்டை அறிமுகப்படுத்துறதுக்காக ஐ.ஆர்.எஸ் லேபிள் விட்டது, யு.கே-ல முறையா வந்தது 1981 நவம்பர்ல, அதுக்குள்ள பேண்டே கலைஞ்சு போச்சு. ஒரே ஒரு பங்க் எல்பி தான் வாங்குவேன்னா இதை வாங்குங்க, யோசிக்காதீங்க. ஆனா சேக்குறதுன்னு இறங்கிட்டா ஏழு இன்ச்தான். ஏன்னா ஒரு எல்பி பக்கத்துல எட்டுப் பாட்டை அடைக்கணும்னா பள்ளத்தை நெருக்கி நெருக்கி வெட்டணும், சத்தத்தைக் குறைக்கணும்; சிங்கிள்ல ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு, இடம் தாராளம், அதுவும் நிமிஷத்துக்கு 45 சுத்து சுத்துறதால ஊசிக்குக் கீழ பள்ளம் வேகமா ஓடும், சிம்பல் சத்தமெல்லாம் பொரிஞ்சு வரும். லவ் யூ மோர் ரெண்டு நிமிஷம் கூட இல்ல, அதை ஏழு இன்ச்ல போட்டீங்கன்னா வால்யூம் குறைக்க எழுந்து போறதுக்குள்ள டப்புன்னு நின்னுடும். எதிர்ப் பக்கமா ஒய் காண்ட் ஐ டச் இட் எடுத்துக்கோங்க, எவ்ரிபடீஸ் ஹேப்பி நவடேஸோட பி-சைடு, ஆறரை நிமிஷத்தை ஏழு இன்ச்ல திணிச்சிருக்காங்க, அதுல தேய்மானம் இருந்தா கடைசில சரசரன்னு பழிவாங்கும். அந்த ஒரு தட்டை மட்டும் கேக்காம வாங்காதீங்க.

அப்புறம் அட்டைகள். மால்கம் காரெட் வடிவமைச்சது, எட்டையும் வரிசையா சுவத்துல மாட்டினா வேற படமே வேண்டாம். முதல் சிங்கிளோட மஞ்சள் அட்டைல லிண்டர்ங்கிற கலைஞர் வெட்டி ஒட்டுன படம் இருக்கே, பொண்ணு உடம்புக்குத் தலை இருக்குற இடத்துல இஸ்திரிப் பெட்டி, அதைப் பாத்துட்டு வீட்டுக்கு வந்த பெரியம்மா ஒருத்தங்க என்னை மேலயும் கீழயும் பாத்தது எனக்கு மறக்காது. பாட்டு பேரு வேற பி.பி.சி-யே போட மாட்டேன்னு சொன்ன பேரு, அதை அவங்க வாசிக்கிறதுக்குள்ள அவசரமா எடுத்து உள்ள வச்சேன்.

வாங்குற விஷயத்துல சில புலம்பல். தரம் குறிக்கிறதுல இங்க ரெண்டு முறை ஓடுது, பிரிட்டன்ல பழைய வியாபாரிங்க ரெக்கார்ட் கலெக்டர் பத்திரிகை முறைல மின்ட், எக்ஸலன்ட், வெரி குட்னு போடுவாங்க, டிஸ்காக்ஸ் அமெரிக்க கோல்ட்மைன் முறை, நியர் மின்ட், வெரி குட் ப்ளஸ். எந்த முறையா இருந்தாலும் வெறும் வெரி குட்னு போட்டிருந்தா நல்லா பேசும்னு நம்பிடாதீங்க, கீறலும் உரசலும் கண்டிப்பா கேக்கும். பங்க் சிங்கிள்ஸ் எல்லாம் பார்ட்டில கை மாறி, சிகரெட் சாம்பல் விழுந்து, பசங்க ஸ்லீவ்ல பேரெழுதி வளந்தது, சுத்தமான காப்பி குறைவு. நான் பேரெழுதினதை ஒதுக்க மாட்டேன், பேனால எழுதின பேரால விலை குறையும், பாட்டு குறையாது. ஜூக்பாக்ஸ்ல இருந்து வந்ததா இருந்தா நடுப்பாகத்தை வெட்டி எடுத்திருப்பாங்க, பெரிய ஓட்டையா இருக்கும், அதுக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் அடாப்டர் போதும், அதையும் சாக்கா வச்சு விலை பேசலாம்.

ஆன்லைன்ல வாங்கின ஒரு ப்ராமிசஸ், பேர் வேணாம், விக்கிறவர் தட்டை ஸ்லீவுக்குள்ளயே வச்சு அனுப்பிட்டார். வழி பூரா தட்டு உள்ள ஆடி ஆடி அட்டையோட கீழ் ஓரத்தை கத்தி மாதிரி கிழிச்சு வச்சிருந்துச்சு, கவரைப் பிரிச்சதுமே அந்தக் கிழிசல் வழியா கறுப்பு விளிம்பு எட்டிப் பாக்குது. 45 வருஷம் தாங்கின அட்டை நாலு நாள் போஸ்ட்ல போச்சு. கேட்டா ஸாரின்னு ஒரு வரி. அதுக்கப்புறம் ஆர்டர் போட்டதுமே மெசேஜ் அனுப்பிடறேன், தட்டை வெளிய எடுத்து வெள்ளைப் பேப்பர் கவர்ல போட்டு ஸ்லீவுக்குப் பின்னாடி வைங்கன்னு. நல்ல வியாபாரிங்க சொல்லாமலே அப்படித்தான் பண்ணுவாங்க, சொன்னதுக்குக் கோச்சுக்கிட்டவங்க யாரும் இல்ல.

முடிஞ்சா நேர்ல போங்க. மான்செஸ்டர் ஓல்டம் ஸ்ட்ரீட்ல புதுசுக்கு பிக்கடில்லி ரெக்கார்ட்ஸ், பழசுக்கு வினைல் எக்ஸ்சேஞ்ச், ரெண்டும் ஒரே தெருவு, அந்த பீல் சிலைல இருந்து பொடிநடையா போயிடலாம். பழைய தட்டுக் கடைல சும்மா பஸ்காக்ஸ் இருக்குற பி வரிசையை மட்டும் பாத்துட்டு வராதீங்க, விலை கம்மி பெட்டியத் தரைல வச்சிருப்பாங்க, முட்டி வலிச்சாலும் குனியுங்க, பவர் பாப் எல்லாம் அங்கதான் கிடக்கும். பங்க்னு பேர் ஒட்டினா விலை ஏறும், அதே வருஷம் அதே வேகத்துல நல்ல மெட்டோட பாடின த ரெக்கார்ட்ஸ், த யாட்ஸ், த மோட்டார்ஸ் இவங்களையெல்லாம் யாரும் சீண்ட மாட்டாங்க. த ரெக்கார்ட்ஸோட ஸ்டாரி ஐஸ் கேட்டுப் பாருங்க, 1978, இது ஏன் பெரிய ஹிட் ஆகலைன்னு மண்டை காயும். அண்டர்டோன்ஸோட டீனேஜ் கிக்ஸ் விஷயமும் ஸ்பைரல் ஸ்க்ராட்ச் மாதிரியேதான்: பெல்ஃபாஸ்ட்ல குட் வைப்ரேஷன்ஸ்னு ரெக்கார்ட் கடைக்காரர் சொந்த லேபிள்ல 1978ல விட்ட ஒரிஜினல், மடிச்ச போஸ்டர் ஸ்லீவோட, யானை விலை, பி.பி.சி டிஜே ஜான் பீல் ரேடியோல ரெண்டு தடவை அடுத்தடுத்து போட்டப்புறம் சைர் கம்பெனி வாங்கி மறுபடி விட்டது எளிய விலை, பாட்டு ஒண்ணேதான். அதுவும் சார்ட்ல 31 வரைக்கும்தான் போச்சு, என்ன ராசியோ.

ஒண்ணு மட்டும் கவனம், அந்தக் காலத்து ஆளுங்க வேணும்னே தப்பு பண்ணுவாங்க. எல்விஸ் காஸ்டெல்லோவோட திஸ் இயர்ஸ் மாடல் முதல் யு.கே காப்பில அட்டைப் படம் நகந்து போய் ஓரத்துல கலர் பட்டை தெரியும், அச்சுப் பிழைன்னு நினைச்சு திருப்பிக் குடுத்துடாதீங்க, டிசைனர் பார்னி பபுள்ஸ் வேணும்னே அப்படி வச்சார். டேம்ன்டோட முதல் எல்பில ஆரம்பக் காப்பிகள்ல பின்னாடி வேற பேண்டான எட்டி அண்ட் த ஹாட் ராட்ஸ் ஃபோட்டோ போட்டு, தவறுக்கு வருந்துகிறோம்னு ஸ்டிக்கர் வேற. அதெல்லாம் அந்தக் கூட்டத்தோட குசும்பு, இப்ப அந்தக் குசும்புக்கே தனி விலை.

வீட்டுக்கு வந்ததும் பழைய பி.வி.சி கவர் இருந்தா கழட்டிப் போடுங்க, அது நாளாக நாளாக தட்டு மேல பனி மாதிரி படிஞ்சு, துடைச்சாலும் போகாது, பாலித்தீன் கவர்தான் சரி. தபால் செலவுல ஒரு லாபமும் இருக்கு, பிரிட்டனுக்குள்ள ராயல் மெயில் லார்ஜ் லெட்டர் அளவு 35.3க்கு 25 சென்டிமீட்டர், தடிமன் 2.5, ஏழு இன்ச் அதுல அழகா அடங்கிடும், எல்பி அடங்காது, பார்சல் ரேட் ஆயிடும். அதனால ஒரே வியாபாரிகிட்ட ரெண்டு மூணு சிங்கிளா சேத்து எடுங்க, பார்சல் ரேட் போட்டு அனுப்புறவர் கிட்ட லார்ஜ் லெட்டர்ல அனுப்ப முடியுமான்னு ஒரு வார்த்தை கேளுங்க, முக்காவாசிப் பேர் சரின்னுதான் சொல்வாங்க.